பட்டறை பதில்கள்: முதலில் மரத்தூள், கடைசியில் தண்ணீர்

போன இதழில் பிரேக் ஷூவைப் பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி பிரேக்கைப் பற்றியே இல்லை. வாசலில் எண்ணெய்க் கறை, ஸ்பேனரில் பிசுக்கு, கையில் கிரீஸ் என்று ஒரே எண்ணெய் மயம். கிருஷ்ணகிரியில் நெடுஞ்சாலை ஓரமாக 31 வருடம் லாரி பட்டறை வைத்திருந்தவன் என்பதால் இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. வழுக்கி விழுந்த அனுபவமும் சேர்த்துத்தான். ஆறு கடிதங்களுக்கு இந்த முறை பதில்.

கேள்வி: வீட்டு முன்பக்கம் சிமெண்ட் தளம் போட்டு நான்கு வருடம் ஆகிறது. மகனுடைய பழைய கார் அங்கேதான் நிற்கும். இன்ஜினுக்குக் கீழே தாம்பாள அகலத்துக்குக் கறுப்பாக ஒரு கறை. சோப்புத் தூள் போட்டு, போர்த் தண்ணீரில் மூன்று முறை கழுவினேன். கறை போகவில்லை. வாசற்படி வரை பரவியதுதான் மிச்சம். ஆசிட் ஊற்றினால் போய்விடும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். ஊற்றட்டுமா?
*(ஓய்வு பெற்ற ஆசிரியர், காவேரிப்பட்டணம்)*

பதில்: ஊற்றாதீர்கள் ஐயா. ஆசிட் எண்ணெயை ஒன்றும் செய்யாது, சிமெண்ட்டைத்தான் தின்னும். ஊற்றியவுடன் பொங்கி நுரைக்கும் பாருங்கள், அதைப் பார்த்துக் கறை கழன்று வருகிறது என்று நினைத்துக்கொள்வோம். அது சிமெண்ட்டில் இருக்கும் சுண்ணாம்பு கரைகிற நுரை. மறுநாள் பார்த்தால் கறை அங்கேயே இருக்கும், தரை மட்டும் சொரசொரப்பாகியிருக்கும். சொரசொரப்பான தரை இன்னும் அதிகமாக எண்ணெய் குடிக்கும்.

ஆசிட் விஷயத்தில் நானும் ஏமாந்தவன்தான். ஓர் ஐப்பசி மழையில் தரையைக் கழுவலாம் என்று ஒரு கேன் வாங்கி, பாதியை ஊற்றிவிட்டு மீதியை மேசைக்கு அடியில் வைத்தேன். மூடியைச் சரியாகத் திருகவில்லை. இரண்டு வாரம் கழித்து மேல் தட்டில் இருந்த ஸ்பேனர் செட்டை எடுத்தால், பளபளவென்று இருந்ததெல்லாம் மஞ்சள் பொடி பூத்துக் கிடக்கிறது. ஒரு சொட்டு மேலே படவில்லை, ஆவி பட்டதற்கே அந்தக் கதி. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துப் போட்டால் இன்னும் பளிச்சென்று ஆகும் என்று சிலர் கிளம்புவார்கள். அதில் வருவது குளோரின் வாயு. நெஞ்சைப் பிடித்துவிடும்.

உங்கள் கறை ஏன் பரவியது? எண்ணெய் இருக்கும்போதே தண்ணீரை ஊற்றிவிட்டீர்கள். எண்ணெய் தண்ணீர் மேல் ஏறிச் சவாரி செய்து, தண்ணீர் போகிற பக்கமெல்லாம் போய் உட்கார்ந்துகொண்டது. அதனால் எண்ணெய் கொட்டிய இடத்தில் முதலில் வரவேண்டியது மரத்தூள். மரம் அறுக்கும் மில்லில் ஒரு சாக்கு கேட்டால் கொடுப்பார்கள். விரல் பருமனுக்குப் பரப்பி, செருப்புக் காலால் நன்றாக அரக்கித் தேய்த்து, அரை மணி நேரம் விட்டுக் கூட்டி எடுங்கள். கறுத்த தூளை அள்ளிவிட்டுப் புதுத் தூள் போடுங்கள். தூள் நிறம் மாறாமல் வரும்வரை தண்ணீர்ப் பக்கம் போகவே வேண்டாம். மரத்தூள் கிடைக்காவிட்டால் செங்கல் பொடி, உமிச் சாம்பல் எதுவும் ஆகும். வைக்கோல் மட்டும் ஆகாது. மாங்காய் சீசனில் லாரியில் பரப்பிய வைக்கோல் சும்மா கிடைக்கிறதே என்று நானும் போட்டுப் பார்த்தேன். எண்ணெய் வைக்கோலின் மேலே பூசிக்கொள்கிறதே தவிர உள்ளே போவதில்லை. மிதித்தவன் சறுக்கியதுதான் கண்ட பலன்.

இது புதுக் கறைக்கு. உங்களுடையது நான்கு வருடத்துக் கறை, சிமெண்ட்டின் நுண்துளைகளுக்குள் இறங்கிவிட்டது. மேலே தேய்த்து என்ன பயன்? கீழே இருப்பதை மேலே இழுக்க வேண்டும். அதற்குப் பற்றுப் போடுங்கள். கால் சுளுக்குக்குப் போடுகிற மாதிரியேதான். நைஸாகச் சலித்த கோலமாவில் மண்ணெண்ணெய் விட்டு இட்லி மாவைவிடக் கெட்டியாகப் பிசையுங்கள். கல்மாவாகப் பார்த்து வாங்குங்கள், அரிசிமாவு என்றால் எறும்புக்குத்தான் விருந்து. கறையைச் சுற்றி நான்கு விரற்கடை அதிகமாகவே விட்டு, அரை அங்குலத் தடிமனில் அப்புங்கள். மேலே பாலிதீன் தாள் விரித்து, ஓரங்களில் செங்கல் வையுங்கள். மண்ணெண்ணெய் உள்ளே இறங்கிப் பழைய ஆயிலை இளக்கும். மறுநாள் தாளை எடுத்துவிட்டுப் பற்றைக் காயவிட வேண்டும். காயும்போதுதான் இளகிய எண்ணெய் மாவுக்குள் ஏறும். அந்த நேரத்தில் பொறுமை இல்லாமல் ஈரத்தோடு வழித்துவிட்டால் எல்லாம் வீண். காய்ந்து வெடித்த பிறகு சுரண்டி எடுங்கள். இரண்டு மூன்று தடவை போட வேண்டியிருக்கும். திறந்த வெளியில் செய்யுங்கள். பக்கத்தில் பீடி, அகல் விளக்கு எதுவும் கூடாது.

அதற்கப்புறம் தண்ணீர். இங்கேதான் நம் ஊர்ப் போர்த் தண்ணீர் கழுத்தறுக்கும். பாறைக்குள் கிடந்து வருகிற உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைப்பதற்குப் பதிலாகத் திரிந்த பால் மாதிரி வெள்ளை வெள்ளையாகக் கட்டிக்கொள்ளும். ஒரு வாளி சுடுதண்ணீரில் முதலில் இரண்டு கை வாஷிங் சோடாவைப் போட்டுக் கலக்குங்கள். தண்ணீரின் கடினம் அதில் இறங்கிவிடும். பிறகு சோப்புத் தூள். கறை மேல் ஊற்றிக் கால் மணி நேரம் ஊறவிட்டு, தென்னை விளக்குமாற்றை அரை முழமாக வெட்டி அதன் கட்டையால் தேயுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சோடா தோலை அரிக்கும்.

பாத்திரம் தேய்க்கிற சாம்பல் ஆகாதா என்று வீட்டில் கேட்பார்கள். வாணலியில் இருப்பது கடலை எண்ணெய். சாம்பலின் காரம் பட்டால் அந்த எண்ணெயே சோப்பாக மாறும், அதனால் போகிறது. இன்ஜின் ஆயில் பூமிக்கடியிலிருந்து வந்த எண்ணெய், அது சோப்பாகாது. அதைச் சோப்பு நுரை தூக்கிக்கொண்டு போனால்தான் உண்டு.

கறை போய்விட்டதா என்று கண்ணால் பார்த்தால் தெரியாது. தரை காய்ந்ததும் நாலு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். தாமரை இலைமேல் நிற்கிற மாதிரி உருண்டு நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. சட்டென்று இறங்கி ஈரமாகிவிட்டால் சரி. அதுவரை மேலே பெயிண்டோ சிமெண்ட் பூச்சோ போட வேண்டாம். ஒட்டாது, உரிந்து வரும்.

இவ்வளவும் செய்துவிட்டு அதே காரை அங்கேயே நிறுத்துவார் உங்கள் மகன். ஓர் இரவு காருக்கு அடியில் வெள்ளை அட்டையை விரித்து வையுங்கள். கறுப்பாக விழுந்தால் இன்ஜின் ஆயில்; பெரும்பாலும் ஆயில் இறக்குகிற போல்ட்டின் வாஷர்தான் போயிருக்கும், பெரிய செலவில்லை. பச்சையாகவோ சிவப்பாகவோ தண்ணியாக விழுந்தால் ரேடியேட்டர் கூலன்ட். அதை உடனே கழுவித் தள்ளுங்கள். இனிப்பாக இருக்கும், நாயோ பூனையோ நக்கினால் செத்துப்போகும். வெறும் தண்ணீர் என்றால் ஏசியிலிருந்து வருவது, கவலை வேண்டாம்.

கேள்வி: எங்கள் வீட்டு போர்ட்டிகோவில் போட்டிருப்பது பாலிஷ் செய்த கிரானைட். பைக் செயினுக்கு அடித்த ஆயில் ஊறிப்போய் ஒரு பக்கம் நனைந்த மாதிரியே இருக்கிறது. கிரானைட் எண்ணெய் குடிக்குமா?
*(பர்கூர் வாசகர்)*

பதில்: குடிக்கும். கருங்கல்லுக்கும் துளை உண்டு, சிமெண்ட்டைவிடக் குறைவு, அவ்வளவுதான். மேலே சொன்ன பற்றையே போடுங்கள். ஆனால் கோலமாவுக்குப் பதில் முகத்துக்குப் போடுகிற டால்கம் பவுடர். மாவில் மணல் இருந்தால் பாலிஷில் கீறல் விழும். வயர் பிரஷ் தொடவே கூடாது. கல் அறுக்கிற இடத்தில் கிடைக்கும் தூளை எண்ணெய்க்குப் போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் ஊரில் அது மலையாகக் குவிந்து கிடக்கிறது, தெரியும். ஆனால் காய்ந்த கல்தூளைக் கூட்டும்போது மூச்சில் போகிற சிலிக்கா நுரையீரலை விட்டு இறங்காது. பத்து ரூபாய் மரத்தூள் போதும்.

கேள்வி: ஐயா, நான் தர்மபுரியில் ஒரு டூவீலர் கடையில் வேலை கற்றுக்கொள்கிறேன். சாயங்காலம் எல்லா டூல்ஸையும் பெட்ரோலில் போட்டுக் கழுவச் சொல்கிறார் முதலாளி. மறுநாள் காலையில் எல்லாம் வறண்டுபோய், சிலது துரு பிடிக்கிறது. போல்ட் திருகுகிற ராட்செட் கரகரவென்று சத்தம் போடுகிறது. நான் என்ன தப்பு செய்கிறேன்?
*(19 வயது வாசகர்)*

பதில்: தப்பு உன்னுடையது இல்லை தம்பி, பெட்ரோலுடையது. முதலாளியிடம் எதிர்த்துப் பேசாதே. இந்தப் பக்கத்தைக் கிழித்து டேபிளில் வைத்துவிடு.

பெட்ரோல் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரிக் குளிரில்கூடத் தீப்பற்றுகிற அளவுக்கு ஆவி விடும். அந்த ஆவி காற்றைவிடக் கனம். மேலே போகாமல் தரையோடு தரையாக நகர்ந்து, பத்தடி தள்ளி வெல்டிங் வைக்கிற இடத்துக்கோ டீ அடுப்புக்கோ போய்ச் சேரும். அங்கிருந்து தீ திரும்பி ஓடி வருகிற வேகத்தை நான் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். வாளியை எட்டி உதைத்ததில் பேன்ட் மட்டும் போனது. அதன் பிறகு எங்கள் பட்டறையில் டீசல்தான். டீசலும் பற்றும், ஆனால் ஓடி வந்து பிடிக்காது.

நாங்கள் செய்த முறை இதுதான். சாயங்காலம் முதலில் பனியன் வேஸ்டால் ஒவ்வொரு சாமானையும் துடைத்துவிட வேண்டும். முக்கால்வாசி கிரீஸ் இதிலேயே போய்விடும். துடைக்காமல் டீசலில் போட்டால் பத்தாவது சாமானுக்குள் டீசலே கிரீஸாகிவிடும். அகலவாக்கில் வெட்டிய பழைய ஆயில் டின்னில் ஓர் அங்குல உயரத்துக்கு டீசல் போதும். கட்டிங் பிளேயரின் பல், பைப் ரிஞ்சின் திருகு, பாக்ஸ் ஸ்பேனரின் உள்மூலை இந்த மூன்றுக்கும் பழைய பல்துலக்கும் பிரஷ். பாக்ஸின் உள்மூலையில் கிரீஸும் மணலும் சேர்ந்து இறுகிக் கிடந்தால் அது போல்ட்டின் தலையில் முழுசாக உட்காராது. முக்கால்தான் உட்காரும். நீ அழுத்தும்போது வழுக்கி, போல்ட் தலை மழுங்கும். என் வலது கை முட்டியில் இருக்கிற தழும்பு அப்படி வந்ததுதான். 27-ஆம் நம்பர் பாக்ஸ், லாரியின் சேசிஸ் விளிம்பு, எட்டுத் தையல்.

டீசலில் இருந்து எடுத்ததும் எங்களிடம் ஒரு மரப்பெட்டி நிறைய மரத்தூள் இருக்கும், அதில் போட்டுக் குலுக்குவோம். கடலை வறுக்கிற மாதிரி சத்தம் வரும். தூள் டீசலைக் குடித்துவிடும். ஊதிவிட்டு, சுத்தமான துணியில் ஒரு சொட்டு நல்ல ஆயில் விட்டு அந்தத் துணியால் எல்லாவற்றையும் ஒரு தடவு. எண்ணெய் இருப்பது கைக்குத் தெரியக்கூடாது, இரும்புக்கு மட்டும் தெரிந்தால் போதும். உன் ஸ்பேனர் துரு பிடிப்பது இந்தக் கடைசித் தடவல் இல்லாததால்தான். பெட்ரோல் இருந்த எண்ணெயையும் துடைத்துக்கொண்டு போய்விடுகிறது.

ராட்செட்டை முக்கவே முக்காதே. உள்ளே இருக்கிற பல்லுக்கு வைத்த கிரீஸ் கரைந்து வெளியே வந்துவிட்டது, அதனால்தான் கரகரப்பு. பின்பக்க மூடியைக் கழற்றித் துடைத்து, பட்டாணி அளவு கிரீஸ் வை. நிறைய வைத்தால் பல் ஒட்டிக்கொண்டு நழுவும். இறுக்கத்தை அளக்கிற டார்க் ரிஞ்ச், நுட்பமாக அளவெடுக்கிற வெர்னியர் இரண்டும் துடைக்க மட்டும். ரப்பர் பிடி போட்ட ஸ்க்ரூ டிரைவரை ஊறவைக்காதே, பிடி உப்பிப்போய்க் கையில் சுற்றும். அரத்தில் எண்ணெய் பட்டால் இரும்பின் மேல் வழுக்கும். சாக்பீஸைத் தேய்த்து, வயர் பிரஷ்ஷால் பல் போகிற சாய்வில் இழு. எண்ணெயும் இரும்புத் தூளும் சேர்ந்து வந்துவிடும். சுத்தியல் காம்பை மட்டும் தினமும் சோப்புத் துணியால் துடை, மற்றதெல்லாம் ஒரு நாள் விட்டாலும் பரவாயில்லை. கிரீஸ் பட்ட காம்போடு ஓங்கினால் சுத்தியல் எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியாது.

பிரேக் ஆயில் பட்ட சாமானை டீசலில் போட்டுப் பிரயோஜனம் இல்லை. பெயர்தான் ஆயில், உங்கள் கடைக்கு வருகிற டிஸ்க் பிரேக் வண்டிகளில் ஊற்றுவது தண்ணீரில் கரைகிற வேறு திரவம். தண்ணீர் விட்டுக் கழுவினாலே போய்விடும். டேங்க் பெயிண்டில் சொட்டிவிட்டால் துடைத்துக்கொண்டிருக்காமல் உடனே தண்ணீர் ஊற்று, இல்லாவிட்டால் பெயிண்ட் தோலாக உரியும். பிரேக் டிரம்மில் இருக்கிற தூசியைக் காற்றடித்து ஊதாதே. டிரம்மில் உரசிப் பிடிக்கிற பழைய லைனிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம், ஈரத்துணியால் துடைத்து எடு. டிரம்மைத் துடைத்த கையால் லைனிங்கைத் தொடாதே. தொப்பூர் இறக்கத்துக்குப் போகிற வண்டிகள் பிரேக் காட்ட எங்களிடம் நிற்கும். லைனிங்கில் ஒரு விரல்தடம் கிரீஸ் இருந்தால்கூட அந்தச் சக்கரம் மட்டும் பிடிக்காமல் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

கேள்வி: என் வீட்டுக்காரர் டிராக்டர் மெக்கானிக். கை எப்போதும் கறுப்பு. பெட்ரோலில் கழுவிவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறார். சட்டைக் கறையும் போவதில்லை.
*(பாலக்கோடு வாசகி)*

பதில்: முதலில் அந்தப் பெட்ரோலை நிறுத்தச் சொல்லுங்கள் அம்மா. தோலில் இருக்கிற எண்ணெய்ப்பசையை எடுத்துவிட்டு வெடிப்பு உண்டாக்கும், அந்த வெடிப்பு வழியாகப் பழைய ஆயிலின் அழுக்கு இறங்கும். ஓடின இன்ஜின் ஆயிலில் தோலில் புற்றுநோய் வரவழைக்கிற பொருள்கள் உண்டு. கையை நனைக்காமல் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டு நன்றாகத் தேய்க்கச் சொல்லுங்கள், மேலே ஒரு கரண்டி சர்க்கரை. சர்க்கரை சுரண்டும், தோலைக் கிழிக்காது. துணியால் துடைத்துவிட்டு அப்புறம் சோப்பு. இன்னொரு பழைய தந்திரம்: காலையில் வேலைக்குப் போகும் முன் சோப்புக் கட்டியை நகத்தால் பிராண்டச் சொல்லுங்கள். நக இடுக்கில் சோப்பு அடைத்துக்கொண்டால் கிரீஸுக்கு அங்கே இடமில்லை.

சட்டையில் கறை பட்ட இடத்தில் டால்கம் பவுடரைக் கொட்டி ஓர் இரவு விட்டு உதறுங்கள். பாத்திரம் கழுவுகிற சோப்புத் திரவத்தை நேராக விட்டு, நனைக்காமல் தேயுங்கள். பிறகு வாஷிங் சோடா கலந்த சுடுதண்ணீர். கறை போகும்வரை இஸ்திரி வேண்டாம், சூடு பட்டால் பதிந்துவிடும். குழந்தைகள் துணியோடு சேர்க்க வேண்டாம். டீசல் பட்ட சட்டையை கேஸ் அடுப்புப் பக்கம் காயப்போடவும் வேண்டாம்.

கேள்வி: தாத்தாவின் தச்சு, இரும்பு வேலைச் சாமான்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. மேலே பிசுக்கு, அடியில் துரு. காப்பாற்ற முடியுமா?
*(பென்னாகரம் வாசகர்)*

பதில்: முடியும். புளிக்கு நம் தர்மபுரிப் பக்கம் பஞ்சமா? கறுத்துப்போன பழைய புளி அரைக் கிலோ, சாமான் முங்குகிற அளவு தண்ணீர், பிளாஸ்டிக் தொட்டி. புளியில் இருக்கிற டார்டாரிக் அமிலம் துருவை மெதுவாகக் கரைக்கும். ஆனால் பிசுக்கை எடுக்காமல் போட்டால் எண்ணெய்க்குள்ளே புளி இறங்காது. அதனால் மேலே அந்தத் தம்பிக்குச் சொன்னபடி டீசல், அடுத்து சோடா சோப்பு, அதற்கப்புறம்தான் புளி. மரப்பிடிகளைக் கழற்றிவிடுங்கள். ஓர் இரவு ஊறினால் துரு கறுப்புச் சேறாக மாறியிருக்கும். நாரால் தேய்த்துக் கழுவி, ஆப்ப சோடா கலந்த தண்ணீரில் ஒரு முக்கு, உடனே துடைத்து வெயில், சூடு இருக்கும்போதே எண்ணெய். இந்தக் கடைசி நான்கையும் ஒரே மூச்சில் செய்யுங்கள். நடுவில் டீ குடிக்கப் போனால் திரும்பி வருவதற்குள் மஞ்சள் பூத்துவிடும். ஸ்பிரிங், அளவுகோல் வகைகள் புளியில் வேண்டாம், எண்ணெயும் உப்புத்தாளும் போதும்.

கேள்வி: டிராக்டரில் இறக்கிய பழைய ஆயில் 20 லிட்டர் இருக்கிறது. கரையானுக்கு வேலிக் கம்பத்தில் அடிக்கலாம், மாட்டுப் புண்ணுக்கும் போடலாம் என்கிறார்கள்.
*(ஊத்தங்கரை விவசாயி)*

பதில்: மாட்டுக்குப் போடாதீர்கள். அது நக்கும், அந்த ஆயிலில் இன்ஜின் தேய்ந்த உலோகமெல்லாம் இருக்கிறது. கம்பத்துக்கு அடித்தால் முதல் மழையில் மண்ணுக்குப் போகும், உங்கள் கிணறு அங்கேதானே இருக்கிறது? 2016-ஆம் ஆண்டின் அபாயகரமான கழிவு விதிகளில் பழைய ஆயிலும் சேர்த்திதான். அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சிக்காரர்களுக்குத்தான் போக வேண்டும். ஆயில் மாற்றித் தருகிற பெரிய சர்வீஸ் சென்டர்களில் கேட்டால், தங்கள் பேரலோடு சேர்த்து வாங்கிக்கொள்வார்கள். எண்ணெய் குடித்த மரத்தூளையும் அடுப்பில் போடாதீர்கள். சாக்கில் கட்டி அவர்களிடமே கேட்டுப் பாருங்கள். பெயிண்டர் விட்டுப்போன ஆளிவிதை எண்ணெய்த் துணி இருந்தால் இந்தச் சாக்கில் கலக்காதீர்கள். அதைச் சுருட்டி வைத்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தனித்தனியாக விரித்துக் காயவிடுங்கள்.

அதுவரை மூடி இறுக்கமான கேனில் ஊற்றி, மேலே வெள்ளைப் பெயிண்டில் கொட்டை எழுத்தில் ‘வேஸ்ட்’ என்று எழுதி வையுங்கள். எங்கள் பட்டறையில் எழுதாமல் வைத்த கேனை, இரவு வண்டிக்காரர் ஒருவர் புது ஆயில் என்று எடுத்து இன்ஜினில் ஊற்றிக்கொண்டு போய்விட்டார். காசும் மேசைமேல் வைத்திருந்தார், நேர்மையான மனிதர். சூளகிரி தாண்டித்தான் அவரைப் பிடித்தோம்.